ஆமைக்குப் பாலபிஷேகம்

காவிரிக்கரை மடமொன்றில் குழல்மொழி அம்மை என்றொரு குரு இருந்தார். அவருடைய சீடர் தாண்டவராயருக்கு அவரைவிட இருபது வயது கூடுதல். அதெப்படி என்று கேட்காதீர்கள், ஞானத்துக்கு யார் ஜாதகம் பார்க்கிறார்கள்?

தாண்டவராயர் கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். "இனிமே நீங்க வீட்டுல ஓய்வா இருங்கப்பா" என்று மகன் சட்டநாதன் ஒரு வார்த்தை சொன்னான். அவ்வளவுதான், ரோஷம் பொத்துக்கொண்டு வந்து மடத்தில் சேர்ந்துவிட்டார். பிள்ளை பாவம், அமாவாசைதோறும் வந்து வாசலில் நிற்பான். இவர் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "புலனை அடக்கியாச்சு" என்பார்.

கடையிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு பித்தளை உருளியும் அதற்குள் ஓர் ஆமையும்தான். ஆமை என்றால் சும்மாவா, பெருமாள் எடுத்த அவதாரம் ஆயிற்றே! பூஜையறை மூலையில் வைத்து, தினமும் பாலபிஷேகம் செய்வார். ஓட்டின்மேல் சந்தனம், குங்குமம். சாப்பிடச் சர்க்கரைப் பொங்கல். வெயில் மட்டும் படவிட மாட்டார். சாமிக்குச் சுடுமாம்.

ஒருநாள் காலை அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது உருளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"தாயே, இவன் என்னை முந்திட்டான்!"

"யாரு?"

"ஆமைதான். நாலஞ்சு நாளா தலையை வெளியவே நீட்டலை. சாப்பாடு கிடையாது, அசைவு கிடையாது. சமாதி கூடிடுச்சு! எனக்கு எப்ப தாயே இப்படி அடங்கும்?"

அம்மை ஆமையை எடுத்து ஓட்டை விரலால் அழுத்தினார். அழுத்தின இடம் அமுங்கியது. முகர்ந்தால் புளித்த பால் வாடை. உள்ளே எட்டிப் பார்த்தால் கண் இரண்டும் வீங்கி ஒட்டிக் கிடந்தன.

"மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்க" என்றார்.

"தவத்துல இருக்கிறவனுக்கு டாக்டர் எதுக்கு தாயே?"

"முதல்ல கூப்பிடுங்க."

ஸ்கூட்டரில் வந்து இறங்கிய டாக்டர் ஆமையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க இதுக்குப் பால் ஊத்துறது?"

மடமே தாண்டவராயரைப் பார்த்தது.

"ஓடு அழுகுது. கண்ணு தெரியலை, அதான் சாப்பிடலை. பொழைக்கிறது கஷ்டம்தான். கண்ணுக்கு மருந்து விடுங்க. காலை வெயில் காட்டுங்க. சுத்தமான தண்ணி, ஏறி உட்கார ஒரு காஞ்ச கல்லு. பொங்கலை நிறுத்திட்டு மண்புழு கொடுங்க."

"மண்புழுவா? சிவ சிவா! மடத்துலயா?"

"சாமி கேட்குது, கொடுங்க" என்றார் அம்மை.

டாக்டர் போனதும் தாண்டவராயருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நானே கொன்னுட்டேனா தாயே?"

"இன்னும் இல்லை. மண்வெட்டி கொல்லையில இருக்கு."

ஆயுசில் முட்டைகூடத் தொடாத மனுஷர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழைக்கொல்லையில் புழு தோண்டினார். ஒவ்வொரு புழுவிடமும் மன்னிப்பு வேறு! கண்ணுக்கு மருந்து விட்டு, ஓட்டைத் துடைத்து, வெயிலில் ஆமைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். காக்காய் கொத்திவிட்டால் என்ன செய்வது? தியானம் போன இடம் தெரியவில்லை. ஆமை மட்டும் தலையை நீட்டுகிற வழியாய் இல்லை. வைத்த புழுவெல்லாம் அப்படியே கிடந்தது. மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த அமாவாசைக் காலையில் கொல்லைப்பக்கமிருந்து ஒரே கூச்சல்.

"தாயே! கடிச்சிடுச்சு!"

விரலில் ரத்தம். முகமெல்லாம் சிரிப்பு.

"கண்ணைத் திறந்துச்சு தாயே! கழுத்தை இவ்வளவு நீளம் நீட்டிச்சு! புழுவோட சேர்த்து என் விரலையும் பிடிச்சிடுச்சு!"

"வலிக்குதா?"

"வலிக்காம? உயிரே போகுது! பொழைச்சிடுச்சு தாயே, பொழைச்சிடுச்சு!"

அம்மையும் சிரித்துவிட்டார். பழந்துணியைக் கிழித்து அவர் விரலில் சுற்ற ஆரம்பித்தார். அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது.

"அப்பா."

தாண்டவராயரின் சிரிப்பு நின்றது. கால் பழக்கப்படி அறைப்பக்கம் திரும்பியது.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் அம்மை, விரலை விடாமல்.

"பையன் வந்திருக்கான் தாயே. கதவைச் சாத்தணும். பார்த்தா மறுபடி ஏதாவது சொல்லுவான், மனசு வலிக்கும். உள்ளேயே அடங்கிக் கிடக்கிறதுதான் எனக்கு நல்லது."

அம்மை துணியை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"அப்படியா? அப்ப கொஞ்சம் இருங்க. மாட்டு டாக்டரைக் கூப்பிடறேன்."