எந்த ஊர் மண்?

“எங்க ஊர் மண்ணு என் பெண்டாட்டியோட மீனைக் கொன்னுடுச்சும்மா.”

குஞ்சிதபாதத்தின் ஒரு கையில் மண் மூட்டை. மறு கையில் மூடி போட்ட வாளி. வாளிக்குள் ஒரே ஒரு முத்துக் குராமி மீன்.

கொளத்தூர் மீன் கடைத் தெருவில் ஒரு மொட்டைமாடி. அங்கே ஜெசிந்தா மீன்தொட்டிக்கான நீர்ச்செடிகளை வளர்த்துவந்தாள். அவளுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. பாடம் கேட்க வந்தவருக்கு அறுபத்திரண்டு.

“எத்தனை போச்சு சார்?”

“ஒன்பதுல எட்டு. ரெண்டே நாள்ல.”

“மண்ணை எப்படிப் போட்டீங்க?”

“சாக்கைப் பிரிச்சேன், தொட்டியில கொட்டினேன். மேல மணல், அதுல செடி. கொள்ளிடக்கரை வண்டலும்மா! எங்க ஊர்ல கைத்தடியை ஊணிட்டு டீ குடிக்கப் போனா, திரும்பி வரப்போ தடியில பூ இருக்கும்.”

ரயிலில் முப்பத்தோரு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்த மனுஷர். டிக்கெட்டைக் கேட்பதற்கு முன்னால் ‘எந்த ஊர்?’ என்று கேட்பார். என்ன பதில் வந்தாலும் பேச்சு சொந்த ஊரான கொள்ளிடத்தில் போய் இறங்கிவிடும். டிக்கெட் வைத்திருந்தவர்கள்கூட அபராதத்தைக் கட்டிவிட்டுத் தப்பித்ததாகக் கேள்வி.

ஜெசிந்தா மூட்டையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். இறுக்கி மூடி அலமாரியில் வைத்தாள்.

“மிச்சத்தை நனைங்க. மிதக்கிற குப்பையைக் கொட்டிடுங்க. வெயில்ல மொறுமொறுன்னு காய வைங்க. மறுபடி நனைங்க, மறுபடி காய வைங்க.”

“எத்தனை தடவை?”

“வாசனை போறவரைக்கும்.”

“மண்ணுக்கு அழகே வாசனைதானேம்மா!”

அவள் மூடியைத் திறந்து வாளியை எட்டிப் பார்த்தாள். மீனின் மூக்கில் சிராய்ப்பு.

“வெறும் தொட்டியில விட்டேன். கண்ணாடியில போய் முட்டிக்குது.”

“மறைஞ்சுக்கச் செடி இல்லேன்னா இது பயந்தே செத்துரும் சார். தண்ணியைத் தினம் மாத்துங்க. இருபது நாள் தாங்கலாம்.”

“தாங்கலேன்னா?”

ஜெசிந்தா வாளியை மூடினாள்.

வீட்டில் மனைவி திலகவதி அவரோடு பேசுவதை நிறுத்திப் பத்து நாளாகியிருந்தது. ஆறு வருஷம் அவள் வளர்த்த மீன்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் இப்போது வாளிக்குள் இருந்த மீனிடம்தான் சொல்வாள்.

“செண்பகம், குழம்பு அடுப்பு மேல இருக்கு. போட்டுக்கத் தெரிஞ்சவங்க போட்டுக்கலாம்.”

நாலாம் நாள் ஒரு பொட்டலத்தோடு மாடி ஏறினார் குஞ்சிதபாதம்.

“முகர்ந்து பாரும்மா! நனைச்சா, கோடை மழை பெஞ்ச மாதிரி கமகமங்குது.”

“எந்த ஊர் மண் சார்?”

“கொள்ளிடம்!”

அலமாரியிலிருந்த பாட்டிலை எடுத்தாள். திறந்து அவர் மூக்கடியில் நீட்டினாள்.

அழுகிய முட்டை நாற்றம். குஞ்சிதபாதம் இருமி இருமித் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டார்.

“இது எந்த ஊர் சார்?”

அவள் பாட்டிலை இறுக்கி மூடினாள்.

“மணலைப் போட்டு மூடினா உள்ளுக்குள்ள இதுதான். காயட்டும்.”

எட்டாம் நாள் போனார்.

“எந்த ஊர்?”

“கொள்ளிடம்.”

“காயட்டும்.”

பன்னிரண்டாம் நாளும் அதே கேள்வி. கொள்ளிடம் என்று அவர் சொன்னது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

“காயட்டும்.”

பதினாறாம் நாள் செண்பகம் தீனியைத் தொடவில்லை. உடம்பில் முத்து முத்தாக இருந்த புள்ளிகள் வெளுத்துவிட்டன. வாளியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

நனைத்து வைத்திருந்த மண்ணைத் தாம்பாளத்தோடு தூக்கினார் குஞ்சிதபாதம். காலித் தொட்டியின் முன்னால் வந்து நின்றார்.

“நாலு தடவை காஞ்சாச்சு. இதுக்கு மேல அது தாங்காது.”

தாம்பாளம் சாய்ந்தது.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த திலகவதி தலையைத் தூக்கவில்லை.

“செண்பகம், உன்கூட இருந்த எட்டுப் பேரையும் ஒரு தடவை நினைச்சுக்க.”

குஞ்சிதபாதத்தின் கை நின்றது.

அவர் குனிந்து முகர்ந்தார். ஆற்றங்கரை இருந்தது. மூங்கில் புதர் இருந்தது. அவர் ஓடி விளையாடிய தெரு, மழைக்குப் பின்னால் எப்படியிருந்ததோ அப்படியே இருந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால், நூல் மாதிரி, ஜெசிந்தாவின் பாட்டிலும் இருந்தது.

தாம்பாளத்தை இறக்கினார்.

வெளியே மழை கொட்ட ஆரம்பித்தது. விட்டபாடில்லை. குஞ்சிதபாதம் தன் கட்டிலில் தார்ப்பாய் விரித்து மண்ணைப் பரப்பினார். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். மூன்று நாள் மண் கட்டிலில் படுத்தது. அவர் தரையில் படுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தபோது, “அதுக்கு உடம்பு சரியில்லே” என்றார்.

இருபதாம் நாள் மண் மூட்டையோடு மாடி ஏறினார். மூச்சு வாங்கியது.

ஜெசிந்தா மண்ணை நனைத்து முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள்.

அவர் கேள்விக்காகக் காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. ஒரு பிடி களிமண்ணும் கொஞ்சம் சிப்பித்தூளும் சேர்த்துப் பிசைந்தாள். செடிகளைக் கத்தரித்து ஈரச் செய்தித்தாளில் சுற்றி அவர் கையில் வைத்தாள்.

“அவ்வளவுதானாம்மா?”

“மீன் உயிரோட இருக்குல்ல?”

“காலையில இருந்துச்சு.”

“அப்போ நின்னு பேசாதீங்க சார். ஓடுங்க.”

தொட்டியில் விரல் மொத்தத்துக்கு மண். அதற்கு மேல் மணல். மணலுக்குள் செடி. ஒரு தட்டை வைத்து, அதன் மேல் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினார். தண்ணீர் கலங்கவில்லை.

இரண்டு கையாலும் செண்பகத்தை அள்ளி விட்டார்.

அது கல் மாதிரி இறங்கி மணலில் சாய்ந்தது. ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம். காய் நறுக்கிக்கொண்டிருந்த திலகவதி கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

வால் அசைந்தது. மீன் மெல்ல நிமிர்ந்தது. தலையைத் திருப்பி, இலைகளுக்குப் பின்னால் போய் மறைந்தது.

இருவரும் கண்ணாடி அருகே குனிந்தார்கள்.

ஓர் இலை நடுங்கியது. இலையில் ஒட்டியிருந்த எதையோ செண்பகம் கொத்தித் தின்றது.

“எந்த ஊர் மண்ணுங்க இது?” என்றாள் திலகவதி. செண்பகத்தைப் பார்த்து அல்ல.

குஞ்சிதபாதம் வாயைத் திறந்தார். மூடினார்.

“இந்தத் தொட்டி மண்ணு.”