ஒரு இஞ்ச் இறங்கிய கார்

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் மூணாத்துப்பாளையம் என்று ஒரு ஊர். அந்த ஊர் தெய்வசிகாமணி ஒரு சின்னக் கார் வாங்கினார். நல்ல கார்தான். நேர் ரோட்டில் சாதுவாகப் போகும். வளைவு வந்தால் மட்டும் இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, உள்ளே இருப்பவர்களைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது போல ஆட்டிவிடும். அவர் மனைவி கோகிலவாணிக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. நாலாவது வளைவில் முகம் வெளுக்கும். ஐந்தாவதில் வண்டியை நிறுத்தியாக வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வால்பாறையில் அவள் தங்கைக்கு வளைகாப்பு. மலைப்பாதையில் நாற்பது வளைவு. கோகிலவாணி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். கார் ஆடாது என்றால் காரில் வருவாள். ஆடும் என்றால் சீர்ப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய்விடுவாள்.

கார் வாங்கிய அன்று வால்பாறைச் சொந்தம் அத்தனைக்கும் போன் போட்டுச் சொன்னவர் சிகாமணி. பெண்டாட்டி அண்டாவோடு பஸ்ஸிலிருந்து இறங்குவதை அவர்கள் பார்த்தால், அப்புறம் எந்த முகத்தோடு பந்தியில் உட்காருவது?

மச்சினன் ஆறுச்சாமியையும் பக்கத்து வீட்டுக் கிட்டுச்சாமியையும் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சி அனிபா பாய் பட்டறைக்குப் போனார். இந்த இருவரையும் கேட்காமல் அவர் ஒரு முடிவும் எடுத்ததில்லை. அவர் எடுத்த முடிவுகள் அப்படி இருந்ததற்கும் அதுதான் காரணம்.

பாய் காரைச் சுற்றிப் பார்த்தார். வண்டி கொஞ்சம் உயரமாக நிற்பதால்தான் சாய்கிறது, ஒரே ஒரு இஞ்ச் இறக்கிவிட்டால் ஆட்டம் குறையும் என்றார். ரொம்ப இறக்கினால் வேகத்தடையில் அடி வாங்கும், லேசாக இறக்குகிற ஸ்பிரிங் போதும். வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றி, டயருக்கு மேலே எத்தனை விரல் இடைவெளி என்று பார்த்துக்கொண்டு புதன்கிழமை வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சிக்கல் ஆரம்பித்தது. காரில் வழக்கமாக ஏறும் பாரம் கோகிலவாணி. அவளோ காரைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாள். அவளுக்குப் பதிலாகத் தேங்காய் ஏற்றலாம் என்று கிட்டுச்சாமி யோசனை சொன்னார். எத்தனை தேங்காய் என்று யாருக்கும் தெரியவில்லை.

"அக்காவையே கேட்டறலாம் மச்சான். அவங்களுக்குத் தெரியாததா?" என்றான் ஆறுச்சாமி.

சிகாமணி சமையற்கட்டு வாசலில் போய் நின்று, நீ எத்தனை தேங்காய் இருப்பாய் என்று பணிவாகக் கேட்டார். அவருக்குக் கிடைத்த பதிலில் எண்ணிக்கை எதுவும் இல்லை. அன்று மதியம் சோறும் இல்லை.

கடைசியில் உத்தேசமாக எண்பது காய் ஏற்றி விரலை விட்டுப் பார்த்தார்கள். ஆறுச்சாமியின் விரல் நாலு போனது. கிட்டுச்சாமியின் விரல் மூணுதான் போனது. ஒரே காருக்கு எப்படி இரண்டு இடைவெளி இருக்கும் என்று வெகுநேரம் பேசினார்கள். ஆள் பார்த்து இடம் விடுகிற கார் என்று முடிவானது. சிகாமணிக்குத் தன் கார் மேல் மரியாதை கூடியது.

புதன்கிழமை பாய் மூன்று செட் ஸ்பிரிங்கை எடுத்துத் தரையில் வைத்தார். எதெது எவ்வளவு இறக்கும் என்று சொல்லிவிட்டு, "லேசானதா எடுத்து வையுங்க, தொழுதுட்டு வந்து மாட்டறேன்" என்று கிளம்பினார்.

மூவரும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்கள். எல்லாம் கனமாக இருந்தது. எதிரே காய்கறிக் கடைத் தராசில் வைத்தும் பார்த்தார்கள். ஒன்றுகூட லேசில்லை. சிகாமணிக்கு வளைகாப்புப் பந்தி கண்ணில் வந்து போனது. அப்போதுதான் ஆறுச்சாமி மேசை மேல் கிடந்த பாயின் பேனாவைத் திருகிப் பார்த்தான். உள்ளே ஒரு ஸ்பிரிங். தராசில் வைத்தால் முள் அசையவே இல்லை.

பாய் திரும்பி வந்தபோது நாலு பேனா பிரிந்து கிடந்தது. சக்கரத்துக்கு ஒன்று.

பாய் பேனாவையெல்லாம் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு இஞ்ச் இறக்கும் ஸ்பிரிங்கைத் தானே எடுத்து மாட்டினார். கார் அடக்கமாக, அழகாக நின்றது. "புது ஸ்பிரிங்குங்க. கொஞ்சம் ஓடி உக்காரட்டும், அப்புறம் மலை ஏறுங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், மூன்று பேரும் காரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சுற்று ஓடுவதும், தரையில் உட்காருவதும், மறுபடி எழுந்து ஓடுவதும். கிட்டுச்சாமிக்கு மூச்சு வாங்கியது. ஸ்பிரிங் எப்போது உட்காரும் என்று கேட்டார். பாய் சாவியை வாங்கி, காரைத் தானே உடுமலை ரோட்டில் ஓட்டி எடுத்துவந்து கொடுத்தார்.

சனிக்கிழமை கோகிலவாணி கையில் எலுமிச்சம்பழத்தோடு ஏறி ஊரை ஐந்து சுற்றுச் சுற்றி வந்தாள். பழத்தை முகரவே இல்லை. "பரவால்லீங்க. போலாம்" என்றாள். சிகாமணிக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஞாயிறு காலை சீர் அண்டா, குடம், தவலையோடு நாலு பேரும் கிளம்பினார்கள். முந்தின நாள் மழையில் ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார்.

"முழங்காலுக்குக் கீழதானுங்க. இப்பத்தான் இதே மாதிரி கார் ஒண்ணு போச்சு. தைரியமா வாங்க" என்றார் அவர்.

சிகாமணி வண்டியை நிறுத்தினார். "அது இறக்காத காருங்க. எங்களுது ஒரு இஞ்ச் இறங்குனது."

மூவரும் இறங்கி ஆலோசித்தார்கள். கார் ஒரு இஞ்ச் இறங்கியிருக்கிறது. அப்படியானால் தண்ணீரும் ஒரு இஞ்ச் இறங்க வேண்டும். கணக்கு நேராக இருந்தது. நடுவில் நின்றவரை அசையாமல் நிற்கச் சொல்லி, அவர் காலில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, சீர்க் குடத்தால் இறைக்கத் தொடங்கினார்கள்.

இறைத்த தண்ணீரை எங்கே கொட்டுவது என்று கேள்வி வந்தது. காருக்குள்ளிருந்து கோகிலவாணி எட்டிப் பார்த்தாள்.

"கண்ட எடத்துல கொட்டிப்போடாதீங்க. அது ரயில்வேக்காரங்க தண்ணி. சாயங்காலம் வர்றப்போ திருப்பி ஊத்தோணும்."

பொறுப்பான பேச்சு. அண்டாவிலும் தவலையிலும் நிரப்பி, சிந்தாமல் டிக்கியில் ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர், சாக்பீஸ் கோட்டுக்கு ஒரு இஞ்ச் கீழே வந்துவிட்டதாகக் காலுக்குரியவர் சொல்லிவிட்டார். அவருக்கு வேலைக்கு நேரமாகியிருந்தது.

சிகாமணி வேட்டியைப் பிழிந்துவிட்டு ஏறப் போனவர், காரைப் பார்த்து அப்படியே நின்றார். பின்பக்கம் இன்னும் ஒரு இஞ்ச் இறங்கியிருந்தது.

"மாப்ள, அந்தக் குடத்த எடு" என்றார்.