பங்குனி மழை கத்தப் பழகியது

அந்தக் காலத்தில் மழைக்குச் சத்தம் கிடையாது. இடியும் இல்லை, மின்னலும் இல்லை. அடுப்படிக்குள் பூனை நுழைவதுபோல மேகம் வரும், பெய்யும், போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. அப்போது மழை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பங்குனி, சித்திரையில் வருகிற மழைதான் வம்பு. அதற்கு நாளும் கிடையாது, நேரமும் கிடையாது. அதனால் மேகம் ஒரு தட்டான்பூச்சியை வேலைக்கு வைத்திருந்தது. முந்தின நாளே ஊர் ஊராகப் பறந்து மழைச் சேதி சொல்ல வேண்டியது தட்டானின் பொறுப்பு. அப்போதெல்லாம் தட்டானுக்குப் பேச்சு உண்டு. தேவைக்கு மேலேயே உண்டு.

கடற்கரை உப்பளத்தில் வெயிலாட்சி என்றொருத்தி இருந்தாள். புருஷன் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகளும் நான்கு பாத்தியும்தான் அவளுக்கு மிச்சம். பாத்தியில் கடல்நீரைக் கட்டி, வெயிலில் காயவிட்டு, அடியில் பூத்த உப்பைப் பலகையால் இழுத்து வரப்பில் குவிப்பாள். தை மாதத்திலிருந்து குவித்த உப்பு ஆள் உயரத்துக்கு அம்பாரமாக நின்றது. சித்திரை பிறந்ததும் மேற்கேயிருந்து வண்டிக்காரர்கள் வந்து நெல்லை இறக்கிவிட்டு உப்பை ஏற்றிப் போவார்கள். அந்த நெல்தான் மூன்று வயிற்றுக்கும் வருஷம் முழுக்கச் சோறு. நடுவில் ஒரு நல்ல மழை பிடித்துக்கொண்டால் அம்பாரம் கரைந்து கடலுக்கே திரும்பிப் போய்விடும்.

பங்குனி பிறந்த அன்று தட்டான் வந்தது.

"தாயி, நாளைக்கு ஆங்காங்கே மழை பெய்யக்கூடும். பரவலாகவும் பெய்யக்கூடும். பெய்யாமலும் போகக்கூடும்."

"நம்ம அளத்துல பெய்யுமா, பெய்யாதா? அதைச் சொல்லு."

"வாய்ப்பு இருக்கு தாயி."

"எதுக்கு வாய்ப்பு?"

"ரெண்டுக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

ஆரம்பத்தில் தட்டான் இப்படி இல்லை. நாளும் நாழிகையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஒருமுறை சொன்னது தப்பிப் போய், கரிசல்காட்டுக்காரர்கள் விதையைத் தூவிவிட்டு வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அடுத்த தடவை போனபோது துடைப்பத்தால் விரட்டினார்கள். அன்றிலிருந்து எந்தப் பக்கமும் மாட்டிக்கொள்ளாமல் பேசத் தட்டான் பழகிக்கொண்டது.

வெயிலாட்சி பனையோலையைச் சுமந்து வந்து அம்பாரத்தை மூடினாள். அது என்ன, பானைக்கு மூடி போடுகிற வேலையா? ஓலையை அடுக்கி, கயிற்றை இழுத்துக் கட்டி, கல் வைத்து முடிக்க அரை நாள் ஆனது. மறுநாள் சுள்ளென்று வெயில். மூடிக்கிடந்த உப்பு புழுங்கிக் கசியத் தொடங்கியது. பிரித்துக் காயவிடாமல் முடியாது. பிரிக்க இன்னொரு அரை நாள். பிரித்துவிட்டு நிமிர்ந்தால் தட்டான் நிற்கிறது: "தாயி, நாளைக்கு ஓரிரு இடங்களில்..."

மூடினாள். வெயில் அடித்தது. பிரித்தாள். தட்டான் வந்தது. இப்படிப் பதினொரு தடவை. ஓலை கிழித்த கையில் உப்பு பட்டு எரிந்தது. பாத்தி வேலை பாதியில் கிடந்தது. பிள்ளைகள் இருவரும் ஓலை என்ற சொல்லைக் கேட்டாலே அழுதார்கள்.

பன்னிரண்டாவது தடவை தட்டான் வாயைத் திறந்ததுமே வெயிலாட்சி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சாமி, போதும்டா! வாய்ப்பு, வாய்ப்பு, வாய்ப்பு! உன் வாய்ப்பை நம்பி என் முதுகு ஒடிஞ்சதுதான் மிச்சம். போ அங்கிட்டு!"

அன்று அவள் மூடவில்லை.

மறுநாள் மத்தியானம் கடைசிப் பாத்தியில் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தாள். முதுகு நனைந்தது. வியர்வை என்று விட்டுவிட்டாள். உப்பளத்தில் முதுகு நனையாத மத்தியானம் ஏது? பாத்தித் தண்ணீரில் வட்டம் வட்டமாக விழுவதைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தாள். தலைக்கு மேலே மேகம் கன்னங்கரேலென்று தொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஓலையைத் தூக்குவதற்குள் மழை கொட்டித் தீர்த்தது. அம்பாரம் இடுப்பளவு இறங்கியது, பிறகு முழங்காலளவு, பிறகு வெறும் வரப்பு. வெள்ளையாய் ஓடிய தண்ணீர் வாய்க்கால் வழியே கடலில் சேர்ந்தது.

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கையிலிருந்த உப்பு வாரும் பலகையை ஓங்கி மேகத்தின்மேல் எறிந்தாள். பலகை மேகத்தின் வயிற்றில் சடாரென்று மோதியது. நெருப்புப் பொறி பறந்தது. மேகம் அலறிய அலறலில் கடற்கரை முழுவதும் அதிர்ந்தது.

"ஏம்மா எறிஞ்ச?" என்று கேட்டது மேகம்.

"சொல்லாமக் கொள்ளாம வந்து என் பிள்ளைக சோத்தைக் கரைச்சிட்டு, ஏன்னு வேற கேக்குதியா?"

"தட்டான் சொல்லலியா?"

"நான் சொன்னேனே!" என்று தட்டான் குறுக்கே வந்தது. "பெய்யக்கூடும்னேன், பெய்ஞ்சுது. பெய்யாமலும் போகக்கூடும்னேன், பதினோரு நாள் பெய்யல. என் வார்த்தை ஒருநாளும் பொய்க்கல."

மேகம் தட்டானைப் பார்த்தது. பிறகு வெறும் வரப்பைப் பார்த்தது. "நீ இனிமே பேசவே வேண்டாம்" என்று அதன் குரலைப் பிடுங்கிக்கொண்டது. "நான் வாரதுக்கு முன்னால தாழப் பறந்து காட்டு, அது போதும்." பிறகு தயங்கித் தயங்கி வெயிலாட்சியிடம் சொன்னது: "அவனை மட்டும் குத்தம் சொல்லி என்ன செய்ய? எங்க இறங்குவேன்னு எனக்கே தெரியாதும்மா. காத்து தள்ளுற பக்கம் போறேன்."

வெயிலாட்சி தலையில் கைவைத்துக்கொண்டாள். "விளங்கிரும்! சரி, வார சேதியையாவது சத்தமாச் சொல்லிட்டு வா. இப்ப கத்துனியே, அப்படிக் கத்து."

"அது வலியில கத்துனதும்மா."

"எனக்கு மட்டும் வலிக்கலியா? நானும் கத்தலியா?"

மேகம் மெல்ல ஒருமுறை உறுமிப் பார்த்தது. அப்படியே செய்கிறேன் என்று ஒத்துக்கொண்டு நகர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் அடுத்த அளத்து இசக்கியம்மா நனைந்த தலையோடு ஓடிவந்தாள். "ஏளா வெயிலாட்சி, என்னமோ ஒரு பெருஞ்சத்தம்! பயந்துபோய் எல்லாரும் ஓலையை இழுத்து மூடிட்டோம். மூடவும் அங்கிட்டு மழை பிடிக்கவும் சரியா இருந்துச்சு. அத்தனை பேர் உப்பும் தப்பிச்சுட்டு!" சொல்லிக்கொண்டே வந்தவள் வெறும் வரப்பைக் கண்டதும் மற்ற பெண்களைக் கூப்பிடத் திரும்பி ஓடினாள்.

பொழுது சாய்வதற்குள் அளத்துப் பெண்கள் ஆளுக்கு இரண்டு கூடை உப்பு கொண்டுவந்து அந்த வரப்பில் கொட்டினார்கள். பழைய அம்பாரத்தில் பாதிகூட வரவில்லை. "எல்லாம் ஈரமாக் கிடக்கு" என்று வெயிலாட்சி முணுமுணுத்தாள். பிறகு அந்தக் குவியல்மேல் சாய்ந்து வாய்விட்டு அழுதாள்.

அன்று முதல்தான் பங்குனி, சித்திரை மழை இடித்து, மின்னி, ஊரைக் கூட்டிவிட்டு வருகிறது. தட்டான் வாய் பேசாமல் தாழப் பறக்கிறது. அன்று முதல்தான் இடிச் சத்தம் கேட்டதும் உப்பளத்துப் பெண்கள் முதலில் பக்கத்து அளத்து அம்பாரத்தை மூட ஓடுகிறார்கள், பிறகுதான் தங்களுடையதை. பாதி நாள் ஒரு சொட்டும் விழுவதில்லை. வானத்தைத் திட்டிக்கொண்டேதான் ஓடுகிறார்கள், ஆனாலும் ஓடுகிறார்கள்.