குலம் மறுக்கப்பட்ட குருவி

அநியாயம் நடந்தது ஒரு குருவிக்கு. நீல முதுகு, நீண்ட கால், உள்ளங்கையில் அடங்கும் உடம்பு. மஞ்சுமலை நாட்டுச் சோலைக்காட்டை விட்டால் அதற்கு வேறு வீடு கிடையாது. அந்தக் குருவிக்குக் குலமே இல்லை என்று தீர்ப்புச் சொன்னார் அரண்மனைப் பேரறிஞர் ஆதிமூலப் புலவர். சோலைக்குள் ஒருநாளும் கால் வைக்காத பேரறிஞர்!

காரணம் இல்லாமலா? வேறெங்கும் இல்லாத குலம் வாழும் காட்டில் கோடரி விழக்கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். புலவருக்கோ அதே சோலையில் குளுகுளுவென்று மாளிகை கட்ட ஆசை.

மன்னரின் ஆலோசகர் உமையாள் அவையில் எழுந்தாள்.

"எந்தக் கணக்கில் குலமில்லை, புலவரே?"

"உனக்குப் புரியாது அம்மணி. ஆனாலும் சொல்கிறேன். காலைப் பார்த்துப் பூங்குருவிக் குலத்தில் சேர்த்தேன்; குரல் ஒத்துவரவில்லை. நிறத்தைப் பார்த்து ஈப்பிடிப்பானோடு சேர்த்தேன், நடத்தை ஒத்துவரவில்லை. சிலம்பன் பறவைக் கூட்டத்தில் தள்ளிப் பார்த்தேன், அங்கும் ஒட்டவில்லை. எந்தக் குலத்திலும் சேராதது குலமற்றது. தீர்ந்தது!"

"உங்களுக்குச் சேர்க்கத் தெரியாதது குருவியின் குற்றமா?"

"ஏட்டில் இல்லாதது நாட்டில் இல்லை!"

மன்னர் குன்றவர்மர் தாடியை நீவினார். "சாஸ்திரமே சொல்லிவிட்டது. சோலையை வெட்டிவிட வேண்டியதுதானே, உமையாள்?"

"தாராளமாக, மன்னா. அதற்கு முன் ஒரு சந்தேகம். புலவரே, நம் மன்னர் சேரரா?"

"சேச்சே! யார் சொன்னது?"

"சோழரா?"

"இல்லை."

"பாண்டியராவது..."

"இல்லவே இல்லை!"

"அடடா! மூவேந்தர் குலத்தில் ஒன்றிலும் ஒட்டவில்லை. அப்படியானால் உங்கள் விதிப்படி நம் மன்னர்..."

அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. தாடியிலிருந்த மன்னரின் கை வாளுக்கு இறங்கியது.

"சொல்லும் ஓய்! எனக்குக் குலம் உண்டா, இல்லையா?"

மலைக்குளிரிலும் புலவருக்கு வியர்த்து ஊற்றியது. "மன்னா! மன்னா! மற்றவரோடு சேராததுதானே பெருமை! இந்த மலையிலேயே தோன்றி, இந்த மலைக்கே உரிய தனிக் குலம்! இதன் இடத்தில் கை வைப்பவன் பாவி!"

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பலே! ஏட்டில் எழுதும் இதை!"

புலவர் எழுத்தாணியை எடுத்தார்.

உமையாள் சொன்னாள்: "மன்னரின் குலம் ஊரறிந்தது, புலவரே. இப்போது சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் குருவியின் பெயருக்கு நேரே எழுதுங்கள்."