மேட்டுக்கரைச் சட்டம்

அல்லிக்குளத்து மேட்டுக்கரையில் செவந்தி என்ற முயல் தன் மூன்று குட்டிகளோடு இருந்தது. காட்டு முயலுக்கு வளை தோண்டும் பழக்கம் கிடையாது. புல்லை அமுக்கிப் படுத்தால் அதுதான் வீடு. மழைக்காலம் வந்தால் கீழ்க்காடு முழுக்கத் தண்ணீர் நின்றுவிடும். குட்டிகள் பிழைக்க வேண்டுமென்றால் மேட்டுக்கரையை விட்டால் வேறு இடமே இல்லை.

அதே கரையில் மினுக்கன் என்றொரு ஆண் தூக்கணாங்குருவி. கூடு பின்னுவதில் கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அப்பப்பா!

ஒருநாள் காலையில் மினுக்கன் குளத்துச் சபையைக் கூட்டியது.

"நம்ம கரை பார்க்க அழகா இருக்க வேண்டாமா? கண்டவங்க கண்ட இடத்துல படுத்துக் கிடக்காங்க! சொந்த வீடு இல்லாத யாரும் இனிமே இங்கே தூங்கக் கூடாது. சட்டம் போடுங்க!"

"பேஷ்! பேஷ்!" என்றது மைனா. கொக்கு றெக்கையைத் தட்டியது.

செவந்தி முன்னால் ஓடி வந்தது. "ஐயா, மழை இருட்டிக்கிட்டு வருது! குட்டிங்க பிறந்து நாலு நாள்தான் ஆகுது. நாங்க எங்கே போவோம்?"

"வீடு கட்டத் துப்பில்லை, பேச்சு மட்டும் வருதாக்கும்!" என்றது மினுக்கன்.

சபைத் தலைவர் ஆமை கழுத்தை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தது. மினுக்கன் பக்கம்தான் கூட்டம் அதிகம். "சரி, சட்டம் நிறைவேறியது. சாயங்காலத்துக்குள்ள வீடு வீடாச் சோதனை நடக்கும். காக்கைதான் அதிகாரி."

காக்கைக்கு அதிகாரம் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? நேரே செவந்தி முன்னால் வந்து குதித்தது. "ம், வீட்டைக் காட்டு!"

செவந்தி கண்ணீரோடு ஒரு குட்டியை வாயில் கவ்வியது. பிறகு என்ன நினைத்ததோ, மெல்லக் கீழே வைத்தது.

"போயிடறேன் அண்ணே. ஆனா வீடுன்னா எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியாதே. சட்டம் கேட்டவரு தன் வீட்டை முதல்ல காட்டட்டும்!"

"தாராளமா!" என்று மினுக்கன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஈச்சமரத்துக்குப் பறந்தது. சபையே பின்னால் போனது.

தொங்கும் கூட்டிலிருந்து அதன் மனைவி பொன்னி தலையை நீட்டியது. "யாரது? உள்ளே வராதீங்க! குஞ்சுகளுக்கே இடம் பத்தலை!"

"நான்தான் பொன்னி! இது என் வீடுன்னு இவங்ககிட்டச் சொல்லு."

"உங்க வீடா? நல்லா இருக்கே கதை! கட்டிக் கொடுத்ததோட சரி. என்னைக்கு இதுல படுத்தீங்க? தினமும் தூங்கறது கோரைப்புல்லுலதானே!"

சபை கொல்லென்று சிரித்தது. ஆனால் காக்கை சும்மா இருக்குமா? அடுத்து மைனாவைப் பிடித்தது. மைனா இருந்ததோ மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்து! கொக்குக்குக் குஞ்சு பொரிக்கும் காலத்தில்தான் கூடு, மற்ற நாளெல்லாம் வெறும் கிளை. சிரித்தவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்வாங்கின.

"உன் கூடு எங்கே அதிகாரி?" என்று ஆமை கேட்டது.

"அது... போன காத்துல போயிடுச்சு" என்று காக்கை தலையைச் சொறிந்தது.

"அப்போ சட்டப்படி இங்கே தங்கக்கூடிய ஆளு, வீட்டை முதுகுல சுமக்கிற நான் ஒருத்தன்தான்! நீங்க எல்லாரும் கிளம்பிட்டா நான் யாரோட பேசறது, யாரோட சண்டை போடறது? அது கிடக்கட்டும். சட்டம் கேட்டவரு முதல்ல கிளம்பட்டும்!"

பொத்தென்று முதல் மழைத்துளி மினுக்கன் தலையில் விழுந்தது. "ஐயோ, மழை வந்துடுச்சே! நான் எங்கே போவேன்?" என்று அது அலறியது.

எல்லோருக்கும் முன்னால் செவந்திதான் வாயைத் திறந்தது. "அவரைத் துரத்தாதீங்க ஐயா! சட்டத்தைத் துரத்துங்க!"

ஒதுங்க இடமில்லாதவரைத் துரத்தச் சட்டம் கேட்பவர், அதே சட்டத்தின் முன்னால் தானும் நிற்க வேண்டிவரும்.