பல் டாக்டரின் வயோலா

பல் டாக்டர் தணிகாசலம் ஐம்பத்தெட்டு வயதில் வயோலா கற்றுக்கொள்ளப் போனார். வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம். குரலும் சற்றுக் கட்டை.

அவருடைய குரு பிலோமினா, அவரைவிட இருபது வயது இளையவர். திருச்சியில் ஒரு மாதா கோயில் இசைக்குழுவில், கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய வாத்தியமான செல்லோவை வாசிப்பவர். டாக்டர் அவரை "மிஸ்" என்பார். மிஸ் அவரை "டாக்டர்" என்பார். கோபம் வந்தால் "டாக்டர் சார்".

ஒருநாள் மிஸ் ஒரு இசைத்தாளை அவர் முன்னால் வைத்தார். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்து வாசிப்பதற்காக எழுதியது. எழுதியவர் பெயர் வில்லிபால்ட் ஹென்ஷல்.

"யாரு மிஸ் இவரு?"

"நூத்தைம்பது வருஷத்துக்கு முன்னால ஜெர்மனியில ஏதோ சின்ன ஊர்ல இருந்தவர்."

"கேள்விப்பட்டதே இல்லையே."

"அந்த ஊர்க்காரங்களே கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க."

"பேர் தெரிஞ்சவங்க எழுதினதை வாசிக்கலாமே?"

"பேர் தெரிஞ்சவங்க உங்க வயோலாவுக்கு என்ன குடுத்தாங்க?"

டாக்டர் யோசித்துப் பார்த்தார். பெரும்பாலும் ஜிங் ஜிங் என்று பின்னால் இழுத்துக்கொண்டிருப்பதுதான்.

மிஸ் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே மற்ற மூன்று பேரும் சும்மா இருக்க, வயோலாவுக்கு மட்டும் ஒரு மெட்டு இருந்தது. டாக்டர் அதை மெதுவாக வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கு முன்னாடி இவ்வளவு நேரம் எல்லாரும் நிறுத்தணுமா மிஸ்?"

"ஆமா. எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு தோணணும். அப்புறம் நீங்க ஆரம்பிக்கணும்."

டாக்டர் அந்த மெட்டோடே வாழ்ந்தார். பல் பிடுங்கும்போதும் அதையே முனகினார். நோயாளிகள் வாயைத் திறந்து வைத்திருந்ததால் யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

அதைக் கச்சேரியில் வாசிக்க நாள் குறித்தார்கள். டாக்டர் தன் சொந்தக்காரர்கள் எல்லோரையும் அழைத்தார். முக்கியமாக, மனைவியின் அண்ணன் கதிரேசனை. டாக்டர் வீட்டில் சாதகம் செய்தபோது, "யாருப்பா அது, துருப்பிடிச்ச கேட்டைத் திறக்கிறது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவர் அவர்.

"கடைசியில வர்ற மெட்டை மட்டும் கேட்டுட்டுச் சொல்லுங்க மச்சான்" என்றார் டாக்டர்.

அன்று மாலை மண்டபம் நிறைந்துவிட்டது. வயலின்களில் ஆரோக்கியமும் அவர் தம்பி லூர்துவும். வாசிப்பு நன்றாகவே போனது. வேகம் ஏறி ஏறி உச்சிக்குப் போய், நான்கு பேரும் ஒரேயடியாக நிறுத்தினார்கள்.

மௌனம்.

டாக்டர் வில்லை மெல்லத் தூக்கினார்.

முதல் வரிசையில் கதிரேசன் கைதட்டினார். மண்டபமே தட்டியது. கச்சேரியை ஏற்பாடு செய்த சபாவின் செயலாளர் பொன்னாடைகளோடு மேடைக்கு ஓடி வந்தார். டாக்டருக்குப் போர்த்தியது வயோலாவையும் சேர்த்து மூடிக்கொண்டது.

"சார், இன்னும் முடியலை" என்றார் டாக்டர்.

"இவ்வளவு வாசிச்சும் இன்னும் முடியலைங்கறார்! அடக்கத்தைப் பாருங்க!" என்று செயலாளர் மைக்கில் சொன்னார். கைதட்டல் இரண்டு மடங்கானது. "வில்லிபாலன் அவர்களின் அற்புதமான படைப்பைக் கேட்டோம். வெளியே சூடா வடையும் காப்பியும் இருக்கு."

நாற்காலிகள் கிறீச்சிட்டன.

கதிரேசன் மேடையேறி டாக்டரின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மாப்ளே, தப்பாப் பேசிட்டேன். நீங்க சொன்ன அந்தக் கடைசி மெட்டு இருக்கே, அப்படியே உருக்கிடுச்சு!"

டாக்டர் வாயைத் திறந்தார். அதற்குள் கதிரேசன் வடைக்குப் போய்விட்டார்.

மண்டபம் காலியானது. டாக்டர் பொன்னாடையை விலக்கி, வயோலாவைப் பெட்டியில் வைக்கக் குனிந்தார்.

"டாக்டர்."

திரும்பிப் பார்த்தார். மிஸ் செல்லோவைக் கீழே வைக்கவேயில்லை. ஆரோக்கியமும் லூர்துவும் பொன்னாடையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்ப உங்க முறை" என்றார் மிஸ்.

"எல்லாரும் போயாச்சு மிஸ். இனிமே யாருக்கு வாசிக்கிறது?"

மிஸ் இசைத்தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார்.

"நாலு பேர் கேட்டாத்தானே மிஸ், வாசிக்கிறதுக்கு ஒரு மரியாதை?"

மிஸ் ஆரோக்கியத்தைப் பார்த்தார். லூர்துவைப் பார்த்தார். கடைசியாக டாக்டரைப் பார்த்தார்.

"நாலு பேர் இருக்கோமே. வாசிங்க."