செங்காயி உழுத கோணச் சால்

மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடியாத காலம் அது. அப்போது ஒரு மலை இருந்தது. மலைக்கு ஒரு ராசா, மலைச்சரிவில் ஒரு ஊர். ஊருக்குப் பேர் சறுக்குப்பாறை. காலை ஊன்றி நடக்காவிட்டால் கீழ்வீட்டுக் கூரைமேல் போய்த்தான் நிற்க வேண்டும். அப்படி ஒரு சரிவு. சிரிக்காமல் கேளுங்கள் கண்ணுகளா, அந்தச் சரிவில்தான் அவர்கள் உழுது, விதைத்து, பிழைத்து வந்தார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஏர் கிழித்துப் போகும் கோட்டைத்தானே சால் என்கிறோம்? உழவு முடிந்ததும் ராசா மலையுச்சியில் வந்து நின்று கீழே பார்ப்பார். மேலிருந்து கீழ்வரை எவனுடைய சால் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகிறதோ, அவனுக்குச் சிவப்புத் தலைப்பாகை. சால் கோணிப்போனவனுக்கு வருடம் முழுக்கக் கேலி. அவன் வீட்டுக்குப் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள்.

செங்காயியின் புருஷன் நல்லசடையன் மூன்று வருடம் தொடர்ந்து அந்தத் தலைப்பாகையை வாங்கியவன். நடையே மாறிப்போயிருந்தது அவனுக்கு.

ஆனால் செங்காயிக்கு உள்ளுக்குள் ஒரு கவலை. முதல் தலைப்பாகை வந்த வருடம் நிலத்தில் ஏழு மூட்டை கேழ்வரகு. இரண்டாவது தலைப்பாகைக்கு மூன்று மூட்டை. மூன்றாவது தலைப்பாகைக்கு ஒரே மூட்டை, அதிலும் பாதி பதர். புருஷன் தலையில் சிவப்பு ஏற ஏற, குதிருக்குள் தானியம் இறங்கிக்கொண்டே வந்தது.

"இந்த வருஷமும் இப்படியே போச்சுன்னா, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுக் கீழ்நாட்டுக்குப் பிழைக்கப் போயிட வேண்டியதுதான்" என்றான் சடையன்.

செங்காயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல் பொறுக்கி, முள் வெட்டி, கூடை கூடையாய் எரு சுமந்து அவள் உண்டாக்கின நிலம் அது. அதை விட்டுவிட்டு யாரோ ஒருத்தர் வயலில் போய்க் கூலிக்குக் குனிவதா?

அவர்கள் நிலத்துக்கு நேர் கீழே குப்பாண்டியின் நிலம். ஊரிலேயே சடையனை அதிகம் புகழ்கிறவன் அவன்தான். உழும்போது புகழ்வான். விதைக்கும்போது புகழ்வான். மழை இருட்டிக்கொண்டு வந்தால் இன்னும் பலமாகப் புகழ்வான்.

"மாப்ளே, உன் சாலைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்போல இருக்கு! எந்தக் காலத்திலயும் இதை மட்டும் மாத்திராதே!"

ஒருநாள் செங்காயி குப்பாண்டியின் நிலத்தோரம் கீரை பறிக்கப் போனாள். காலை வைத்தாள். கணுக்கால் வரை புதைந்தது. அப்பாடி, என்ன மண்! கை நிறைய அள்ளிப் பார்த்தாள். உள்ளே அடுப்புச் சாம்பல், வேப்பங்கொட்டைத் தோல், ஒரு நீலக் கண்ணாடி வளையல் துண்டு. அந்த வளையல் அவள் மகளுடையது. போன வருடம் உடைந்து, குப்பையோடு குப்பையாய் எருவில் சேர்ந்து, அவள் தலையில் சுமந்து போய்த் தன் நிலத்தில் கொட்டியது.

"என்ன தங்கச்சி, நகை எதுவும் தொலைஞ்சுபோச்சா?" என்று கேட்டான் குப்பாண்டி.

"தொலைஞ்சது கிடைச்சிருச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேலே ஏறினாள்.

மறுநாளே கோடைமழை பிடித்தது. எல்லாரும் வீட்டுக்குள் ஓட, செங்காயி முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிலத்துக்கு ஓடினாள். பழைய சால்கள் மேலிருந்து கீழே நேராகக் கிடந்தன. ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாகிவிட்டது. மழைத்தண்ணீர் செக்கச்செவேலென்று மண்ணைத் தூக்கிக்கொண்டு, எங்கும் நிற்காமல், யாரையும் கேட்காமல், குப்பாண்டியின் நிலத்தில் போய் இறங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தாள். தலையைக்கூடத் துவட்டவில்லை.

"உங்க சால் நேராத்தான் இருக்கு. நேராக் குப்பாண்டி அண்ணன் நிலத்துக்குத்தான் போகுது."

சடையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுக்கு என்ன பண்ணச் சொல்றே?"

"சரிவுக்குக் குறுக்கே உழுவோம். தண்ணி ஒவ்வொரு சாலிலயும் நின்னு நின்னு போகட்டும்."

"குறுக்கேயா? சரிவு வளையற பக்கமெல்லாம் சாலும் வளையுமே! கோணச் சால்! மூணு தடவை தலைப்பாகை கட்டின தலைடி இது!"

"தலைப்பாகையை ஆக்கிப்போட்டா பிள்ளைங்க தின்னுமா?"

செங்காயி குரலைத் தாழ்த்தினாள். "சரி, சண்டை வேண்டாம். நிலத்தை ரெண்டாப் பிரிப்போம். கிழக்குப் பாதி உங்களுக்கு, மேற்குப் பாதி எனக்கு. மழை வந்து சொல்லட்டும்."

சடையன் தன் பாதியை நூல் பிடித்து உழுதான். செங்காயி தன் பாதியைக் குறுக்கே உழுதாள். ஏற்றமும் இறக்கமும் இல்லாததால் மாடுகள்கூட மூச்சு வாங்கவில்லை. ஊர்தான் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று மூச்சு வாங்கச் சிரித்தது.

"இது ஏர் போன தடமா, சாரைப்பாம்பு போன தடமா?" என்றாள் ஒருத்தி.

"ஏர் பிடிச்சவளுக்குக் கழுத்துச் சுளுக்குப் போல" என்றாள் இன்னொருத்தி.

"கோணச்சால்காரி!" என்று பேரே வைத்துவிட்டார்கள். அந்த வருடம் தலைப்பாகை வேறு எவனுக்கோ போனது. சடையன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் குழம்பு கேட்டான்.

விதைக்கும் முன்பே முதல் மழை வந்தது. செங்காயியின் சாலில் தண்ணீர் நின்றது. ஆனால் சால் ஓரிடத்தில் தாழ்ந்திருந்தது. தண்ணீரெல்லாம் அங்கே கூடி, கரையை உடைத்துக்கொண்டு ஓடியது. அவள் அழவில்லை. ஒரு மூங்கிலைப் பிளந்து, உள்கணுக்களைத் தட்டி, இரண்டு முனையையும் களிமண்ணால் அடைத்துத் தண்ணீர் ஊற்றினாள். தரையில் வைத்தால் தண்ணீர் இந்தப் பக்கமும் சாயக்கூடாது, அந்தப் பக்கமும் சாயக்கூடாது. அந்த மட்டத்தில் கல் கல்லாக அடையாளம் வைத்து, மறுபடி உழுது விதைத்தாள்.

இரண்டாவது மழை கொஞ்சம் பெரியது. மட்டம் தப்பவில்லை. ஆனால் சரிவு அதிகமான இடத்தில் மண் சரிந்தது. நிலத்தில் கிடந்த கற்களைப் பொறுக்கி, சாலோடு சாலாக முழங்கால் உயரத்துக்கு வரிசை வரிசையாய் வரப்புக் கட்டினாள். கல் இடுக்கில் மண் கசியாமல் இருக்க, நெடுக வெட்டிவேர் நட்டாள். "பயிர் போடுற இடத்தில புல்லு போடுறா பாரு" என்று அதற்கும் சிரித்தார்கள். வெட்டிவேர் அதைக் காதில் வாங்கவில்லை. அது பாட்டுக்கு வேரை ஆழமாக இறக்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வந்ததுதான் மழை! ஏழு நாள் விடாமல் கொட்டியது.

எட்டாம் நாள் வெயில் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் நிலத்துக்குப் போனார்கள். கிழக்குப் பாதியில் பாறை பல்லைக் காட்டியது. பயிர் இருந்த இடமே தெரியவில்லை. மேற்குப் பாதியில் கேழ்வரகு கரும்பச்சையாய் நின்றது. ஒவ்வொரு வரப்பின் மேல்பக்கமும் ஒரு சாண் புதுமண் சேர்ந்து கிடந்தது.

சடையன் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். வாயைத் திறந்து ஒப்புக்கொள்ள மட்டும் மனசு வரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் குப்பாண்டி மூச்சு இரைக்க மேலே ஏறி வந்தான்.

"ஏன் மாப்ளே, உன் மேற்குப் பக்கத்துச் சாலெல்லாம் அடைஞ்சு போச்சா? இந்த வருஷம் என் நிலத்துக்குப் பாதி மண்ணுதானே வந்திருக்கு?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சடையன் அவனைப் பார்த்தான். பாறையைப் பார்த்தான். கடைசியில் பெண்டாட்டியைப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டான். "அடி செங்காயி! மூணு வருஷமா இவன் புகழ்ந்தது என்னை இல்லடி, நம்ம மண்ணை!"

"இப்பவாவது தெரிஞ்சுதே" என்றாள் அவள். "கூடையை எடுங்க. கிழக்குப் பக்கமும் கல் வரப்புப் போடணும்."

அந்த அறுவடையில் பாதி நிலத்திலேயே நாலு மூட்டை வந்தது. சாப்பாட்டுக்கும் ஆச்சு, விதைக்கும் ஆச்சு. கீழ்நாட்டுப் பேச்சு அந்த வீட்டில் அதன்பிறகு எழவே இல்லை.

அடுத்த உழவில் மேற்குப் பாதி, கிழக்குப் பாதி இரண்டையும் சடையனே குறுக்கே உழுதான். உச்சியில் நின்ற ராசாவுக்கு முகம் சிவந்துவிட்டது. விடுவிடுவென்று இறங்கி வந்தார்.

"மலையைக் கிறுக்கி வைத்தது யார்?"

ஊரே செங்காயியைப் பார்த்தது. சடையன் முன்னால் வந்தான். "உழுதது நான், ராசா. சொல்லிக்கொடுத்தது இவள். உச்சியிலிருந்து பார்த்தா கோணல்தான். ஒரு மழைக்கு மட்டும் இங்கே கீழே நின்னு பாருங்க. அப்புறம் என்ன தண்டனைன்னாலும் கொடுங்க."

ராசா நின்றார். மழையும் வந்தது. நேர்ச்சால் நிலங்களிலிருந்து செஞ்சேறு குழம்பி ஓடியது. சடையன் நிலத்தின் கடைசி வரப்பில், வெட்டிவேருக்கு நடுவிலிருந்து தண்ணீர் தெளிந்து கசிந்தது. ராசா குனிந்து, அந்தத் தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார்.

மறுநாள் காலையில் சறுக்குப்பாறையில் இருந்த அத்தனை பேரும் செங்காயி வீட்டு வாசலில் நின்றார்கள், மூங்கில் மட்டத்தை இரவல் கேட்டு. முதல் ஆளாக நின்றவன் குப்பாண்டி. அவன் நிலத்து மண்ணும் அத்தனை வருடமாக மலையடிவாரத்து ஆற்றுக்குப் போய்க்கொண்டுதானே இருந்தது! மேலேயிருந்து வந்த மண்ணில் அது அவனுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே கண்ணுகளா, பார்க்கிறவர் மெச்சுவதற்காகச் செய்கிற வேலையைவிட, காலடி மண்ணைப் போகவிடாமல் காக்கிற வேலையே நல்ல வேலை.